காற்றுக்கு வழிவிடும் தலைக்கவசமா? ஒரு முழுக் கோடையின் மதிப்புரை

இந்த மிதிவண்டித் தலைக்கவசத்தை நான் வாங்கியது, அது தலையைப் புழுங்க வைக்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான். இதற்கு முன் நான்கு ஆண்டுகள் வைத்திருந்த கவசம் நீண்ட ஏற்றங்களில் தலையை வேகவைத்ததால், ஏற்றம் தொடங்கும் இடத்தில் அதைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதும், உச்சியை அடைந்ததும் மீண்டும் அணிந்துகொள்வதும் எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தன. ஒருநாள் உச்சியைக் கடந்ததும் முகத்தில் மோதிய காற்றின் சுகத்தில் அணிய மறந்து, இறக்கம் முழுவதையும் வெறுந்தலையோடு கடந்து, சமதளத்துக்கு வந்த பிறகே கவசம் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அடி எதுவும் படவில்லை. ஆனாலும் அன்று பிடித்த பயம் விடவில்லை. ஏற்றத்திலும் கழற்றத் தோன்றாத ஒரு கவசத்தைத் தேட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் நிறையாகவும் குறையாகவும் சொல்லப்போகிறவை பெரும்பாலும் இதே அமைப்பில் பலர் தயாரிக்கும் கவசங்களுக்கும் பொருந்துபவை; பெயரைவிட அமைப்பைப் பார்க்கக் கற்றுக்கொள்வதே வாங்குபவருக்கு உதவும். என்னுடையது சாலைப் பயணத்துக்கான வகை. 18 காற்றுத்துளைகள், ஏறத்தாழ 270 கிராம் எடை, வெளியே மெல்லிய பாலிகார்பனேட் ஓடு, அதோடு ஒன்றாக வார்க்கப்பட்ட நுரை, உள்ளே சுழல் அதிர்ச்சியைக் குறைப்பதற்கான ஒரு சறுக்கு அடுக்கு, பிடரியில் இறுக்கம் கூட்டிக் குறைக்கும் திருகு, நெற்றியிலும் உச்சியிலும் ஒட்டிக் கழற்றக்கூடிய துணித் திண்டுகள் ஆகியவை இதன் உறுப்புகள். வறண்ட வெயிலிலும், மழைக்கு முந்தைய இறுக்கமான காற்றிலும், சமதளத்திலும், மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத ஏற்றங்களிலும் ஒரு கோடை முழுவதும் இதை அணிந்திருக்கிறேன்.

தலைக்கவசத்தின் வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் சூடு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நம் மொழியில் இதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன. வெயிலும் சூடான தரையும் வீசுவது வெக்கை. வியர்வை சுரந்தும் உலர வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு நிற்பது புழுக்கம். உலராத வியர்வை திண்டிலும் மயிரிலும் ஊறி, தோலோடு ஒட்டிக்கொண்டு அருவருப்பூட்டுவது நசநசப்பு. ஒரு கவசம் வெக்கையை நன்றாகத் தடுத்துவிட்டுப் புழுக்கத்தைக் கூட்டலாம். புழுக்கமே இல்லாத கவசம் ஒரு மட்டமான திண்டினால் நசநசக்கலாம். என்னுடைய கவசம் முதலாவதில் நன்றாகவும், இரண்டாவதில் பாதி நேரம் நன்றாகவும், மூன்றாவதில் வாங்கிய நிலையில் மோசமாகவும் இருந்தது.

நுரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. கவசத்தின் உள்ளே இருப்பது விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன், அதாவது பொருள்களைப் பொதிந்து அனுப்பப் பயன்படும் தெர்மாகோலின் அடர்த்தி கூடிய உறவு. நுண்ணிய அறைகளில் காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதால் அது மோதும்போது நசுங்கி விசையை விழுங்கிக்கொள்கிறது. அதே காரணத்தால் வெப்பத்தையும் கடக்கவிடுவதில்லை. தலையைக் காக்கும் பண்பும் தலையைப் புழுக்கும் பண்பும் ஒரே பொருளில் ஒரே காரணத்தால் அமைந்துவிட்டதால், நுரை வழியாக வெப்பத்தை வெளியேற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இடைவெளிகள் வழியாகக் காற்று நுழைந்து, உச்சந்தலையைத் தொட்டு, வெளியேறினால்தான் உண்டு. 1975-இல் பெல் நிறுவனம் வெளியிட்ட பெல் பைக்கர், மிதிவண்டிக்கென்றே நுரையும் கடினமான ஓடுமாக உருவான தொடக்ககாலக் கவசம். அதில் துளைகள் மிகச் சிலவே இருந்தன. அன்றிலிருந்து இன்றுவரை கவச வடிவமைப்பில் நடந்த பெரும்பகுதி, நுரையின் வலிமையை இழக்காமல் அதில் எவ்வளவு குடைந்தெடுக்கலாம் என்ற தேடல்தான்.

எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மிதிக்கும் மனித உடலின் திறன் 20 முதல் 25 விழுக்காடு வரைதான்; செலவிடும் ஆற்றலில் அவ்வளவுதான் மிதிகட்டைக்குப் போகிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. மிதிகட்டையில் 150 வாட் ஆற்றலைச் செலுத்துகிறவரின் உடலில் 450 முதல் 600 வாட் வரை வெப்பம் பிறக்கிறது. ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச்செல்லும் என்பதால், 500 வாட்டை வியர்வையால் மட்டுமே தணிக்க வேண்டுமென்றால் மணிக்கு முக்கால் லிட்டர் அளவு வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சொட்டுச் சொட்டாக வழிந்து கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம்.

தலையும் கழுத்தும் சேர்ந்தே உடற்பரப்பில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்பதால், கவசம் மறைக்கும் பகுதி உடலின் மொத்தக் குளிர்ச்சியில் பெரும் பங்கு வகிப்பதில்லை. வெயிலில் கவசத்தோடும் கவசமின்றியும் மிதிக்கச் செய்து அளந்த ஆய்வுகள் 1988-இலும் 1997-இலும் வெளிவந்தன. கவசத்தால் உடலின் உள்வெப்பநிலை குறிப்பிடும்படி உயரவில்லை என்பதே அவற்றின் முடிவு. இதைப் படித்தபோது என் அனுபவத்தை மறுப்பதுபோல் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் முரண்பாடு ஏதுமில்லை. உடல் சூடாகிறதா என்பது ஒரு கேள்வி, தலை அதைப் பொறுத்துக்கொள்கிறதா என்பது வேறொரு கேள்வி. முகமும் தலையும் வெப்பத்தை மிக நுட்பமாக உணரும் இடங்கள். அங்கே ஏற்படும் எரிச்சல் உள்வெப்பநிலை கால் டிகிரிகூட மாறாத நிலையிலேயே ஒருவரைக் கவசத்தைக் கழற்றச் செய்துவிடும். ஆகவே கவசம் போட்டால் வெப்ப மயக்கம் வந்துவிடும் என்று அஞ்சுகிறவருக்கு அந்த அச்சம் வேண்டாம் என்பேன். கவசம் தொல்லையாக இருக்கிறது என்கிறவரிடம் அது வெறும் மனப்பிரமை என்று சொல்லமாட்டேன்.

இனித் துளைகள். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த 18 என்ற எண்ணை நானும் நம்பித்தான் வாங்கினேன். வீட்டில் வைத்து ஒரு சோதனை செய்து பார்த்த பிறகு அந்த எண்ணின் மீதிருந்த மதிப்பு போய்விட்டது. மேசை விசிறியின் முன்னால் கவசத்தை ஒரு பந்தின் மேல் பொருத்தி, ஒவ்வொரு துளையின் உட்புறத்திலும் ஒரு விரல் நீள மெல்லிய நூலை ஒட்டி, நூல்கள் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று கவனித்தேன். நெற்றிக்கு மேலே இருந்த மூன்று பெரிய துளைகளின் நூல்கள் உள்நோக்கி நன்றாக இழுபட்டன. பின்புறத்து நான்கு துளைகளின் நூல்கள் வெளிநோக்கிப் பறந்தன. மற்ற பதினொன்றில் பெரும்பாலானவை அசையவே இல்லை, அல்லது நின்ற இடத்திலேயே நடுங்கின. காற்று முன்னால் அழுத்தம் கூடிய இடத்தில் நுழைந்து பின்னால் அழுத்தம் குறைந்த இடத்தில் வெளியேறுகிறது. இரண்டுக்கும் நடுவே தலையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு வாய்க்கால் தடையின்றி ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. பக்கவாட்டுத் துளைகள் எடையைக் குறைக்கின்றன, நிற்கும்போது சூடான காற்று மேலெழுந்து போக உதவுகின்றன. ஓடும் வண்டியில் அவற்றால் பெரிய பயனில்லை.

அந்த வாய்க்கால் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கவசத்தைக் கவிழ்த்து உட்புறத்தைப் பாருங்கள். முன்துளையில் சுண்டுவிரலை நுழைத்தால், நுரையில் குடைந்த பள்ளம் வழியாக, எங்கும் மேடு தட்டாமல், பின்துளை வரை அதை இழுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். என் கவசத்தில் நடுவரிசையிலும் அதற்கு இருபுறமும் மூன்று பள்ளங்கள் அப்படி ஆழமாக ஓடுகின்றன. நான் இதை விரும்புவதற்கு முதற்காரணம் அதுதான். பழைய கவசத்தைத் தேடியெடுத்துப் பார்த்தேன். 21 துளைகள் இருந்தும் உள்ளே பள்ளமென்று ஒன்றும் இல்லை, வழுவழுப்பான கிண்ணத்தில் அங்கங்கே ஓட்டை போட்டதுபோல் இருந்தது. நுழைந்த காற்று தலையில் முட்டி, நுழைந்த வழியிலேயே திரும்பியிருக்க வேண்டும்.

ஆனால் இந்த நல்ல பள்ளங்களும் காற்று வீசினால்தான் வேலை செய்யும். காற்று எடுத்துச்செல்லும் வெப்பம் வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. வேகம் நான்கு மடங்கானால் குளிர்ச்சி ஏறத்தாழ இரண்டு மடங்காகும், வேகம் கால் பங்காகக் குறைந்தால் குளிர்ச்சியும் பாதியாகிவிடும். சமதளத்தில் 28 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவர் ஏற்றத்தில் 8 கிலோமீட்டருக்கு இறங்கும்போது அவர் உடலில் பிறக்கும் வெப்பம் குறைவதில்லை, பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது, அதைத் தணிக்க வந்த காற்றோ காணாமல்போய்விடுகிறது. பின்னாலிருந்து மெல்லிய காற்றும் வீசினால் நிலைமை இன்னும் கொடுமை, ஏனென்றால் வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போகும்போது தலைக்கு எதிரே காற்று என்று ஒன்றுமே இருப்பதில்லை. ஆகையால் ஒரு கவசம் குளிர்ச்சியானதா என்பதைச் சமதளத்தில் சோதிப்பதில் பொருளில்லை. அங்கே எல்லாக் கவசமும் நன்றாகத்தான் இருக்கும். ஏற்றத்தில் சோதிக்க வேண்டும், அல்லது நன்றாக வியர்த்திருக்கும்போது திடீரென்று நிறுத்தி மூன்று நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

என் கவசத்தை அப்படிப் பலமுறை சோதித்தேன். 12 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை காற்று ஊர்ந்து போவதைத் தெளிவாக உணர முடிகிறது, பழைய கவசத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட இந்த உணர்வு கிடைத்ததில்லை. 10 கிலோமீட்டருக்குக் கீழே அந்த ஊர்தல் நின்றுபோகிறது, புழுக்கம் தொடங்குகிறது. இருந்தும் கழற்றத் தோன்றவில்லை; ஒரு கோடையில் ஒருமுறைகூட நான் இதைக் கைப்பிடியில் மாட்டியதில்லை. ஆனால் வறண்ட காற்றும் ஈரக்காற்றும் எனக்குக் காட்டிய வேறுபாட்டை எந்தத் துளையாலும் ஈடுகட்ட முடியவில்லை. காற்று 36 டிகிரிக்கு மேல் சூடாகவும் வறண்டும் இருந்த நாள்களில், அந்தக் காற்று தோலைவிடச் சூடானதாக இருந்தும், வியர்வை உடனுக்குடன் ஆவியானதால் தலை தாங்கும்படி இருந்தது. வெப்பநிலை 30 டிகிரியே இருந்து ஈரப்பதம் மிகுந்த நாள்களில், இதே கவசம், இதே ஏற்றம், இதே வேகம் என்றாலும், தலையில் ஈரத்துணியைச் சுற்றி மூடியதுபோல் இருந்தது. ஈரக்காற்றுள்ள இடங்களில் ஓட்டுகிறவர்கள் எந்த மதிப்புரையையும், இதையும் சேர்த்துத்தான், அதற்கேற்பக் கழித்துப் படிக்க வேண்டும்.

சறுக்கு அடுக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலை சாய்வாகத் தரையில் மோதும்போது மூளைக்கு ஏற்படும் சுழற்சியைக் குறைக்க, நுரைக்கும் தலைக்கும் இடையே சில மில்லிமீட்டர் நகரக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை இப்போது பல நிறுவனங்கள் பொருத்துகின்றன. பாதுகாப்பு நோக்கில் அதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கவசத்தில் அந்தத் தகட்டை வெட்டியவர் கவனக்குறைவாக இருந்திருக்கிறார். நுரையில் அழகாகக் குடைந்த இடப்புறப் பள்ளத்தின் மேல் தகட்டின் ஒரு பட்டை குறுக்கே ஓடுகிறது, பின்துளை ஒன்றின் பாதியை மறைக்கிறது. நூல் சோதனையில் அந்தப் பக்கத்து நூல் வலப்பக்கத்து நூலின் அளவுக்கு ஆடவில்லை. தகட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது, வெட்டவும் கூடாது, அது கவசத்தின் பாதுகாப்பு அமைப்பில் ஒரு பகுதி. வாங்கும்போதே தகட்டின் திறப்புகளும் நுரையின் திறப்புகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி. திண்டுகளுக்குள்ளேயே சறுக்கும் அமைப்பை வைத்த புதிய வடிவங்களில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

நெற்றிக்கு வருகிறேன். இந்த மதிப்புரையில் நான் மிகவும் அக்கறையோடு எழுத விரும்பிய பகுதி இதுதான், ஏனெனில் ஏற்றத்தில் என்னை உண்மையிலேயே வண்டியை நிறுத்தவைத்தது வெப்பமன்று, கண்ணில் இறங்கிய வியர்வை. உடலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்த இடங்களில் நெற்றி ஒன்று. உச்சந்தலையைவிட அங்கே அதிகமாக வியர்க்கிறது. கவசத்தின் முன்விளிம்புத் திண்டு அந்த வியர்வையை எல்லாம் குடித்துக்கொண்டே போகிறது, குடித்து முடிந்து நிரம்பிய பிறகு, தலையைச் சற்றுக் குனியும் ஒரு நொடியில், மொத்தத்தையும் புருவத்தின் மேல் பிழிந்துவிடுகிறது. அந்த நீரில் உப்பும், முகத்தில் பூசிய வெயில் காப்புக் களிம்பும் கரைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கண்ணில் இறங்கினால் எரிச்சலில் இமையைத் திறக்க முடியாது, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கையால் வண்டியைச் செலுத்த வேண்டியிருக்கும். இறக்கத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தலையைக் காக்க வந்த பொருளே பார்வையை மறைப்பதை ஒரு சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கவசத்தோடு வந்த நெற்றித் திண்டு பஞ்சு தடித்தது, முகத்துக்கு மென்மையானது, கடையில் அணிந்து பார்க்கும்போது சொகுசாகத் தோன்றுவது. அந்தச் சொகுசுதான் அதன் கேடும். தடித்த பஞ்சு கூடுதலாகக் குடிக்கும், குடித்ததை வெளியே விடாது. காற்று அதன் ஊடாகப் போவதில்லை என்பதால் அது உலர்வதும் இல்லை. கடும் ஏற்றத்தில் ஏறத்தாழ நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கவசத்தின் முன்பகுதியை விரலால் அழுத்தினால் ஒரு ஈரக் கடற்பஞ்சைப் பிழிந்ததுபோல் நீர் வழிந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முன்திண்டை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய பின்னல் துணியால் ஆன, உட்புறத்தில் சிலிக்கான் வரம்பு ஓடும் ஒரு தனி நெற்றிப்பட்டையை அணிந்துகொண்டேன். சிலிக்கான் வரம்பு வியர்வையைக் குடிப்பதில்லை. கூரை ஓட்டின் மேல் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் தகரத்தைப்போல, அதைக் கன்னப்பொட்டுப் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. வியர்வை அதே அளவுதான் சுரக்கிறது, ஆனால் கண்ணுக்கு வருவதில்லை. மூன்று மணிநேரப் பயணத்தில் ஒருமுறைகூடக் கண் எரியவில்லை. இவ்வளவு எளிய ஒரு வரம்பைக் கவசத் திண்டிலேயே வைத்துத் தைத்திருக்கலாம். சில நிறுவனங்கள் அப்படிச் செய்யவும் செய்கின்றன. திண்டை எடுத்த இடத்தில் கவசம் தளர்ந்துவிடாமல் பிடரித் திருகை மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

காற்று வேண்டும் என்பதற்காகப் பலர் கவசத்தைப் பின்னுக்குத் தள்ளி, நெற்றி முழுவதும் தெரியும்படி அணிகிறார்கள். புழுக்கத்தில் அப்படித் தள்ளிவிடக் கை தானாகவே மேலே போவதை நானும் உணர்ந்திருக்கிறேன். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவுக்குள் இருக்க வேண்டும். அதைவிட ஏறினால் விழும்போது முதலில் தரையைத் தொடக்கூடிய நெற்றி காப்பின்றி நிற்கும். இன்னொன்றும் உண்டு. முன்துளைகள் எந்தச் சாய்வில் காற்றை வாங்கும்படி வடிவமைக்கப்பட்டனவோ அந்தச் சாய்வு கெட்டுவிடுவதால், பின்னுக்குத் தள்ளி அணிந்த கவசத்துக்குள் காற்றும் குறைவாகத்தான் போகிறது. விசிறியின் முன்னால் கவசத்தைப் பின்சாய்த்து வைத்துப் பார்த்தபோது நடுநூலின் ஆட்டம் பாதியாகிவிட்டது. தாடை நாடாவைத் தளர்த்துவதும் இதே வகைத் தவறு, அதனால் குளிர்ச்சி ஒரு துளிகூடக் கூடுவதில்லை.

வெக்கையைப் பொறுத்தவரை கவசம் எதிரியன்று, குடை. தெளிந்த வானில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது, நிழலில்லாச் சாலையில் வெறுந்தலை அதை நேராக வாங்கிக்கொள்கிறது. மயிர் குறைந்தவர்களுக்கும் தலையை மழித்தவர்களுக்கும் இந்தக் குடையின் அருமை உடனே தெரியும், கூடவே அதன் பொத்தல்களும் தெரியும். மேல்துளைகள் அகலமான கவசத்தை ஒரு நாள் அணிந்துவிட்டு வந்தால் உச்சந்தலையில் வரிவரியாக வெயில் சுட்ட தடம் இருக்கும். மெல்லிய துணித்தொப்பியை உள்ளே அணிவது இதைத் தடுக்கிறது, வியர்வையைப் பரப்பி விரைவாக உலரவும் விடுகிறது. தடித்த பருத்தியாக இருந்தால் நசநசப்புதான் மிஞ்சும். நிறத்தைப் பற்றிய கவலை தேவையற்றது என்பது என் முடிவு. கறுப்புக் கவசத்தின் ஓடு வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, வெள்ளை சுடுவதில்லை, ஆனால் இடையே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நுரை இருப்பதால் அந்தச் சூடு தலைக்கு வந்து சேர்வதில்லை. வெள்ளையை வாங்குங்கள், பிறர் கண்ணில் படும் என்பதற்காக.

இதை ஒட்டி இரண்டு வேறு வகைகளையும் நண்பர்களிடமிருந்து வாங்கி ஓட்டிப் பார்த்தேன். நகரத்துக்குள் செல்வதற்கான உருண்டைக் கவசத்தில் துளைகள் சிறியவை, உள்ளே பள்ளமும் மேலோட்டமானது. இருபது நிமிடப் பயணத்துக்கு அது போதும், ஏற்றத்துக்கு ஆகாது. காற்றுத்தடையைக் குறைப்பதற்காக மேற்பகுதியை மூடிய பந்தயக் கவசத்தை நான் மோசமாக எதிர்பார்த்தேன். முன்துளைகள் சிலவே இருந்தும் அவை நேரே ஆழமான பள்ளங்களில் திறந்ததால், 30 கிலோமீட்டர் வேகத்தில் என்னுடையதைவிட அது குளிர்ச்சியாகவே இருந்தது. ஏற்றத்தில் மட்டும் அதன் உள்ளே காற்று முற்றிலும் நின்றுபோயிற்று.

பந்தய வீரர்களும் இதே ஏற்றத்தில்தான் கவசத்தோடு போராடியிருக்கிறார்கள். 1991-இல் உலக மிதிவண்டிச் சங்கம் கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது வீரர்கள் எதிர்த்து நின்றார்கள், வெப்பமும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, முயற்சி கைவிடப்பட்டது. 2003 மார்ச்சில் பாரிஸ் நீஸ் பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு கசகஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் இறந்த பிறகே அதே ஆண்டில் விதி வந்தது. அப்போதும், உச்சியில் முடியும் பந்தயங்களில் கடைசி ஏற்றம் 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அங்கே கவசத்தைக் கழற்றிவிடலாம் என்று ஒரு விலக்கு அளித்தார்கள்; பின்னர் அந்த விலக்கும் நீக்கப்பட்டது. உலகின் தேர்ந்த வீரர்களுக்கே ஏற்றத்தில் அந்தச் சலுகை தேவைப்பட்டது என்றால், நம்மைப் போன்றவர்கள் கழற்றிக் கைப்பிடியில் மாட்டியதில் வியப்பில்லை.

தரநிலை முத்திரைகள் இந்த விஷயத்தில் வாங்குபவருக்கு உதவுவதில்லை. ஐரோப்பிய இஎன் 1078 தரநிலை கவசத்தை 50 டிகிரி வெப்பத்திலும் மைனஸ் 20 டிகிரிக் குளிரிலும் வைத்தெடுத்த பிறகு இடித்துச் சோதிக்கச் சொல்கிறது. நுரை வெயிலில் வலுவிழக்கிறதா என்பதற்கான சோதனை அது. உள்ளே இருக்கும் தலைக்கு இவ்வளவு காற்று கிடைக்க வேண்டும் என்று அது அளவு எதையும் வகுக்கவில்லை. அளக்க முடியாத ஒன்று என்பதாலும் இல்லை. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தில் சூடேற்றிய செயற்கைத் தலையில் கவசங்களை மாட்டி, காற்றோட்டச் சுரங்கத்தில் வைத்து, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். கவசத்துக்குக் கவசம் வேறுபாடு பெரிது என்பது அதில் தெரிந்தது. அந்த எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிடும் நாள் வந்தால், துளைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகப் போடும் வழக்கம் தானாக ஒழியும்.

பராமரிப்பில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். பயணம் முடிந்ததும் கவசத்தைப் பைக்குள் திணிக்காமல், கவிழ்த்து, காற்றுப் படும் நிழலில் வைக்க வேண்டும்; திண்டுகளை வாரம் ஒருமுறை கழற்றி மென்சோப்பு நீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் நாடாக்களில் உப்புப் பூத்து, காய்ந்த வியர்வையின் வாடை தங்கிவிடும், விறைத்த நாடா தாடையை அரிக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் ஓடு குமிழ்விடலாம், நுரை சிதையலாம். கரைப்பான் கலந்த துப்புரவுத் திரவங்களும் நுரையைத் தின்னும். ஏற்றத்துக்கு முன் துளைகள் வழியாகக் கொஞ்சம் நீரைத் தலையில் ஊற்றிக்கொள்வதை வறண்ட காற்றில் நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். உடல் செலவில்லாமல் கிடைத்த வியர்வை அது, நெற்றி உப்பையும் கழுவிவிடுகிறது.

இதை வாங்கலாமா என்றால், ஏற்றங்களில் ஓட்டுகிறவர்களுக்கும் வறண்ட வெயிலில் நெடுந்தொலைவு செல்கிறவர்களுக்கும் இதுபோன்ற ஆழ்பள்ளக் கவசத்தை வாங்கச் சொல்வேன், நெற்றிப்பட்டை ஒன்றையும் சேர்த்தே வாங்கச் சொல்வேன். ஒரு மனக்குறை மட்டும் இருக்கிறது. உச்சித் திண்டு ஒரே கோடையில் பஞ்சு பிரிந்து உதிரத் தொடங்கியதால், அதை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று தயாரிப்பாளருக்கு இருமுறை எழுதினேன். திண்டுகள் தனியே விற்கப்படுவதில்லை, புதிய கவசம் வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை, நுரை வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது. வேறொரு கவசத்தின் திண்டை அளவெடுத்து வெட்டி, அதே ஒட்டுப்பட்டையில் பொருத்தி, இப்போது அதையே அணிந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.